முதலில் நெட் ஏறும் அறை

சனிக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். நாளை சாயங்காலத்துக்குள் அந்தக் கைக்கணினியை நெட்டில் ஏற்றியே தீருவது. வாய் நிறைய நுரை இருந்ததால் அதை உடனே உலகத்துக்கு அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்து அறிவித்தார். உலகம் அப்போது சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, துண்டு தோள்லயே இருக்கு. முகத்தத் தொடச்சுட்டுப் பேசுங்க" என்றாள் அவர் மனைவி.

மேனேஜர் என்பது அவருக்குக் கிடங்கில் கிடைத்த பெயர். காகிதக் கட்டும் பேனாப் பெட்டியும் கூரை வரை அடுக்கிவைக்கும் பெரிய கிடங்கு அது. அங்கே அவர் சுண்டுவிரலை அசைத்தால் லாரி பின்னால் வரும். வீட்டில் இரண்டு கையையும் அசைத்தாலும் நாற்காலி நகராது. ஆனாலும் அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் அவர் மேனேஜர்தான். மனைவிக்கு மட்டும் 'ஏங்க'. அந்த 'ஏங்க'வில் எத்தனை வகை உண்டு, எந்த வகைக்கு எவ்வளவு வேகத்தில் எழுந்து ஓட வேண்டும் என்பதெல்லாம் அவர் அனுபவத்தில் கற்றது.

கைக்கணினி என்றதும் பெரிதாக எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். மூக்குக்கண்ணாடிக் கூடு அளவுதான். திறந்தால் மேலே ஒரு திரை, கீழே பொடிப்பொடியாகப் பொத்தான்கள். மேனேஜரின் விரலுக்கு ஒரு எழுத்தை அழுத்தினால் பக்கத்து வீட்டு எழுத்தும் கூடவே கிளம்பி வரும். கிடங்கில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்த ஆள் அதை அவர் தலையில் கட்டும்போது சொன்னான்: "லினக்ஸ் சார் இது. எல்லாமே நம்ம கையிலதான் இருக்கு." மேனேஜர் பூரித்துப்போனார். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதற்கு அர்த்தம் புரிந்தது. அது தானாக எதையுமே செய்யாது. எல்லாவற்றையும் நம் கையாலேயே செய்துகொள்ள வேண்டும்.

இப்போது நடப்பது வெறும் பொழுதுபோக்கு என்றால் கதையே இல்லை. வாசலை ஒட்டிய சின்ன அறையின் தலையெழுத்து இதில் அடங்கியிருந்தது.

மேனேஜரின் மனைவிக்குத் திங்கட்கிழமை முதல் வீட்டிலிருந்தபடியே வேலை. ஒரு வக்கீல் ஆபீஸில் விசாரணைப் பேச்சைப் பதிவு செய்து தருவார்கள். அவள் காதில் மாட்டிக் கேட்டு, ஒரு வார்த்தை விடாமல் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். போன வாரம் சோதனைக்கு ஒரு பதிவு வந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அருமையாகத்தான் தட்டினாள். ஆனால் நடுவில் ஒரு சாட்சி, "நான் அவரை வாசலில் வைத்துப் பார்த்தேன், என் நீல சாக்ஸ் ஒண்ணுதான் இருக்கு, இன்னொண்ணு எங்க" என்று வாக்குமூலம் கொடுத்திருந்தார். வக்கீல் நல்லவர், சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் சொன்னார்: "கதவு இருக்கற ரூம் ஒண்ணு ஏற்பாடு பண்ணிக்கங்கம்மா. இல்லன்னா வேலைய வேற யாருக்காவது குடுக்க வேண்டியிருக்கும்."

வீட்டில் காலியாக்கக்கூடிய அறை ஒன்றுதான். அதில் மேனேஜரின் 'ஆராய்ச்சிக்கூடம்' இருந்தது. பேசாத ரேடியோ, பாடாத ஒலிபெருக்கி, பல் விழுந்த விசைப்பலகைகள், எந்தத் துளைக்கும் சேராத வயர்கள்.

"எனக்கு நெட்டெல்லாம் வேண்டாங்க. பதிவு பென் டிரைவ்ல வந்துடும். எனக்குக் கதவு மட்டும் போதும்."

"கதவ வேணா கழட்டித் தரேன். ரூம் தர முடியாது."

"அங்க இருக்கறதுல ஒண்ணாவது வேலை செய்யுதா?"

"நாளைக்குச் செய்யும்."

"எது?"

மேனேஜர் சட்டைப் பையிலிருந்து கைக்கணினியை எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கி, திறந்து, மூடி, திருப்பிக் கொடுத்தாள். "கண்ணாடி இதுக்குள்ள இல்லியே" என்றாள்.

அந்த வீட்டில் சண்டை முற்றினால் ஒரு வழக்கம் உண்டு. பந்தயம் கட்டிவிடுவார்கள். எதிர்வீட்டு ரெஃப்ரி சார் ஓய்வுபெற்ற கால்பந்து நடுவர். ஓய்வு அவருக்குத்தான், அவர் விசிலுக்கு இல்லை. அது இன்னமும் கழுத்தில் தொங்கியது. அவர் முன்னால் பந்தயத்தைச் சொன்ன பிறகு ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. தோற்றவர் அந்தப் பேச்சையே திரும்ப எடுக்கக் கூடாது. திரைச்சீலையின் நிறம், கட்டிலின் திசை, மேனேஜரின் மீசை ஆகிய மூன்று விவகாரங்களும் இப்படித்தான் முடிந்தன. மூன்றிலும் தோற்றது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மீசை இப்போது இல்லை.

தான் தோற்றதற்கெல்லாம் காரணம் வார்த்தைதான் என்று மேனேஜர் உறுதியாக நம்பினார். அவசரத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான். இந்தத் தடவை, சரக்கு ஒப்பந்தம் எழுதுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு வைத்திருந்தார். ரெஃப்ரி சார் வந்து ஹாலில் உட்கார்ந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள இந்தக் கைக்கணினி கம்பியில்லாம நம்ம வீட்டு நெட்ல ஏறணும். இந்த வீட்ல எந்த ரூம்ல அது முதல்ல ஏறுதோ, அந்த ரூம் எனக்கு. என் சாமானெல்லாம் அங்கதான் இருக்கும். மத்த ரூமப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன். ஏறவே இல்லன்னா எல்லாத்தையும் பழைய சாமான் கடைக்குப் போட்டுடலாம்."

"சின்ன ரூம்னு நேராவே சொல்லலாமே தம்பி?" என்றார் ரெஃப்ரி சார்.

"இல்ல சார். வார்த்தை அப்படியே இருக்கட்டும்."

ஏன் அப்படியே இருக்க வேண்டும்? இங்கேதான் மேனேஜரின் மூளை வேலை செய்திருந்தது. சின்ன அறையில் நிம்மதியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவது. கடைசிப் பொத்தானை மட்டும் ஹாலில் வந்து அழுத்துவது. அப்போது சின்ன அறை எதற்கு? ஹாலே அவருக்கு. பெரிய மேசை, பெரிய ஜன்னல், தலைக்கு மேலே மின்விசிறி. சொல்லும்போது அவர் கண் தன்னையறியாமல் ஹாலை ஒருமுறை அளந்து வந்தது.

மனைவி அந்தக் கண்ணைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"எனக்குச் சம்மதம்" என்றாள்.

இவ்வளவு சுலபமாக அவள் எதற்குமே சம்மதித்ததில்லை. அப்போதே மேனேஜர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ரெஃப்ரி சார் விசில் ஊதினார்.

சின்ன அறைக்குள் போய் உட்கார்ந்த மேனேஜருக்கு மதியம் வரை ஒரே ஒரு விஷயம்தான் பிடிபட்டது. பெட்டி உயிரோடு இருக்கிறது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடுகிறது, ஆனால் வைஃபை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அதற்குத் தெரியவில்லை. மனைவி சாப்பிடக் கூப்பிட வந்தாள்.

"என்னாச்சு?"

"டிரைவர் இல்ல."

"கிடங்குலதான் அத்தன பேர் இருக்காங்களே. ஒருத்தர வரச் சொல்லுங்க."

"அந்த டிரைவர் இல்லம்மா. வைஃபை ஓட்டற மென்பொருள். நெட்ல ஏறணும்னா டிரைவர் வேணும். டிரைவர எறக்கணும்னா நெட் வேணும்."

"சாவிய உள்ள வெச்சுட்டுக் கதவச் சாத்தின மாதிரி."

காலையிலிருந்து மூன்று டம்ளர் டீ குடித்துக் கண்டுபிடித்ததை அவள் நின்றபடியே ஒரே வரியில் சொன்னது மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. எழுந்து போய்ச் சாப்பிட்டார்.

சாப்பிட்டதும் வழி பிறந்தது. டிரைவரைத் தன் போனின் சொந்த டேட்டாவில் இறக்கினார். மெமரி கார்டில் ஏற்றினார். கார்டைக் கைக்கணினியின் விலாவில் செருகினார். நிறுவச் சொல்லிக் கட்டளை தட்டினார். அது இன்னொரு மென்பொருள் வேண்டும் என்றது. அதையும் இறக்கி, கார்டில் ஏற்றி, செருகினார். அது தனக்குத் துணையாக மூன்று பேர் வேண்டும் என்றது. சாப்பிடக் கூப்பிட்டால் 'மச்சான் வந்தால்தான் நானும் வருவேன்' என்று அடம்பிடிக்கும் சொந்தக்காரர் மாதிரி, ஒருவரைக் கூப்பிட்டால் ஒரு குடும்பமே வாசலில் நின்றது. மேனேஜர் சளைக்கவில்லை. கிடங்கில் இதைவிடப் பெரிய குடும்பங்களைப் பார்த்தவர். போனுக்கும் கைக்கணினிக்கும் நடுவில் அந்தக் கார்டு ஓயாமல் போய் வந்தது.

இந்த அமளியில் அறைக் கதவில் மனைவியின் தலை தெரிந்தது.

"ஏங்க, கேபிள்காரர் வந்திருக்கார். இந்த வைஃபை பெட்டிய முன்ன இருந்த எடத்துலயே வெச்சுடச் சொல்லட்டுமா? வயர் வழியெல்லாம் கால்ல தட்டுது."

மேனேஜர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எதை வேணா எடுத்துக்கோ. என்னை மட்டும் தொந்தரவு பண்ணாத."

"கொஞ்ச நேரம் நெட் இருக்காது."

"எனக்கு எப்பவுமே இல்லியே."

"அப்போ எடுத்துடலாம்ல?"

"எடும்மா."

முன்பு இருந்த இடம் எது என்று நாம் தெரிந்துகொள்வது நல்லது. சமையலறை. குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால், பெரிய எவர்சில்வர் டின்களுக்கு நடுவில் உள்ள கீழ்த்தட்டு. அங்கே இருந்தபோது சமையலறையைத் தாண்டி நெட் வருவதே பெரும்பாடாக இருந்தது. 'டின்னுக்கா நெட் கொடுக்கிறோம்' என்று கத்தி, அதைச் சின்ன அறைக்குக் கொண்டுவந்தவரே மேனேஜர்தான். அது அவருக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. நாலாவது மச்சான் வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லா மச்சான்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆனாலும் டிரைவர் உள்ளே வர மறுத்தது. 'இந்தச் சான்று இன்னும் நடைமுறைக்கு வரவில்லை' என்று ஒரே பிடிவாதம். மேனேஜர் அந்த வரியைப் பத்துத் தடவை படித்தார். இன்னும் வரவில்லை என்றால் எப்போது வரும்? அப்போதுதான் திரையின் மூலையில் தேதி கண்ணில் பட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒன்று.

அந்தத் தேதியில் மேனேஜரே பிறக்கவில்லை. பிறக்காத ஒருவர் கட்டளை போட்டால் அது எப்படிக் கேட்கும்? தேதியை இன்றைக்கு மாற்றினார். மறுபடி கட்டளை தட்டினார். வெள்ளை எழுத்துகள் கிடுகிடுவென்று ஓடின. நின்றன. 'நிறுவப்பட்டது.'

மேனேஜருக்கு நெஞ்சு விம்மியது. யாரும் சொல்லித் தராமல், யார் காலிலும் விழாமல், தானே செய்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் தான் சொன்னதைக் கேட்ட முதல் ஜீவன் இதுதான் என்று தோன்றியது.

ஆனால் வைஃபை மட்டும் எழுந்திருக்கவில்லை. தட்டிப் பார்த்தார். அணைத்துப் போட்டுப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார். மணி ஐந்தே முக்கால் ஆனது. ஜன்னல் வழியாக அதை வீசிவிடலாம் என்று கையை ஓங்கினார். ஓங்கிய கையின் கட்டைவிரலில் ஏதோ நிரடியது. பக்கவாட்டில், கடுகு அளவு ஒரு சுவிட்ச். இரண்டு நாளும் அவர் கண்ணுக்குத் தட்டுப்படாதது. தள்ளினார். நீல விளக்கு எரிந்தது.

கத்த வாயைத் திறந்தவர் சட்டென்று மூடிக்கொண்டார். கைக்கணினியையும் மூடினார். இங்கேயே ஏறித் தொலைத்துவிட்டால் சின்ன அறையோடு போய்விடும். ஹால் கைநழுவிவிடும். கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலை தெறிக்க ஹாலுக்கு ஓடினார்.

"சார்! வாங்க சார்! ஏறப்போகுது!"

எதிர்வீட்டிலிருந்து ரெஃப்ரி சார் விசிலோடு வந்தார். சமையலறையிலிருந்து மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மேனேஜர் பெரிய மேசையின் நடுநாயகமாக உட்கார்ந்து, மூடியைத் திறந்து, அருகில் உள்ள நெட்டுகளைத் தேடச் சொன்னார். பட்டியல் வந்தது. மாடி வீட்டு நெட் வந்தது. 'தொடாதே' என்று எவரோ பெயர் வைத்த நெட் வந்தது. சொந்த வீட்டு நெட் வரவில்லை.

ஜன்னலருகே போனார். வரவில்லை. நாற்காலி மேல் ஏறிக் கையை உயர்த்தினார்.

"தம்பி, மின்விசிறி சுத்துது. கைய எறக்குங்க" என்றார் ரெஃப்ரி சார்.

படுக்கையறை. வரவில்லை. ஹால் போனால் போகிறது என்று சின்ன அறைக்கே ஓடினார். அங்கேயும் வரவில்லை. அப்போதுதான் நிமிர்ந்து தட்டைப் பார்த்தார். வைஃபை பெட்டி இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் பளபளவென்று இருந்தது.

"இங்க இருந்த பெட்டி எங்க?"

"நீங்கதானே எடுத்துக்கோன்னீங்க."

"எடுத்து?"

"முன்ன இருந்த எடத்துலதான் இருக்கு."

"இப்பவே அதை இங்க கொண்டுவா."

"கேபிள்காரர் வயர வெட்டி அளவா போட்டுட்டுப் போயிட்டாருங்க. நாளைக்குத்தான் வருவார்."

"ரெண்டு நிமிஷம் இருக்கு" என்றார் ரெஃப்ரி சார், கடிகாரத்தைப் பார்த்தபடி.

இரண்டு நிமிஷத்தில் எல்லாமே பழைய சாமான் கடைக்குப் போய்விடும். பேசாத ரேடியோ, பாடாத ஒலிபெருக்கி, கையில் நீல விளக்கோடு சிரிக்கும் இந்தக் குட்டிப் பெட்டி, எல்லாம். மேனேஜர் ஓடினார். சமையலறை வாசலில் திரையில் ஒரு சிக்னல் கோடு தெரிந்தது. அடுப்பருகே மூன்று. குளிர்சாதனப் பெட்டி ஓரத்தில் ஐந்து கோடும் முழுசாக எரிந்தன.

"கடவுச்சொல் கேக்குது!"

"சத்தமா சொல்லிட்டே போடுங்க. அப்புறம் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது" என்றார் ரெஃப்ரி சார்.

மேனேஜர் தயங்கினார். கடவுச்சொல் போன வருஷம் அவரே வைத்தது. வேறு வழியில்லை. பொடிப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே, டின்களுக்கு நடுவே குனிந்து நின்று சொன்னார்.

"இந்த... வீட்டு... ராஜா."

திரை ஒரு கணம் யோசித்தது. 'இணைந்தது' என்றது. ரெஃப்ரி சார் நீளமாக விசில் ஊதினார்.

மனைவி கைதட்டினாள். அது ஒப்புக்குத் தட்டிய தட்டல் இல்லை. அவளுக்கு நிஜமாகவே பெருமையாக இருந்தது. "ஏத்திட்டீங்களே! தனியாவே ஏத்திட்டீங்களே!" என்றாள். மேனேஜர் இரண்டு கையையும் தூக்கி ஒரு சுற்று சுற்றினார். ஒரு டின் மூடி கீழே விழுந்து உருண்டது. கேட்பாரில்லை. வாழ்க்கையில் முதன்முதலாக அவர் ஒரு பந்தயத்தில் ஜெயித்திருந்தார்.

"வெற்றி மேனேஜருக்கு" என்று ரெஃப்ரி சார் தீர்ப்பு வாசித்தார். "எந்த ரூம்ல முதல்ல ஏறுதோ அந்த ரூம் அவருக்கு. சாமானெல்லாம் அங்கதான் இருக்கும். மத்த ரூமப் பத்தி வாயே தொறக்க மாட்டார். அதனால, சமையலறை மேனேஜருக்கு."

மேனேஜரின் தூக்கிய கைகள் மெல்ல இறங்கின.

"சார், நான் நெனச்சது ஹால்..."

"வார்த்தை அப்படியே இருக்கட்டும்னு சொன்னது நீங்கதான் தம்பி."

மேனேஜர் மனைவியைப் பார்த்தார். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"'முதல்ல'ன்னு சொன்னப்போ ஹாலயே அளந்தீங்களே" என்றாள் அவள். "அப்பவே கேபிள்காரருக்குப் போன் போட்டுட்டேன்."

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. பேசாத ரேடியோ மிளகாய் டப்பாவுக்குப் பக்கத்தில் குடியேறியது. வயர்கள் கரண்டி மாட்டும் கொக்கியில் தொங்கின. மேனேஜருக்கு ஒரு முக்காலி போடப்பட்டது. மனைவி அடுப்பில் ஒரு பாத்திரத்தை ஏற்றிவிட்டு, தன் கணினியையும் காதில் மாட்டுவதையும் எடுத்துக்கொண்டு சின்ன அறைக்குள் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இரண்டு நாளாக அவள் காத்திருந்த சத்தம் அது.

மேனேஜர் முக்காலியில் உட்கார்ந்து கைக்கணினியைப் பார்த்தார். ஐந்து கோடு. யார் என்ன சொன்னாலும் அந்த ஐந்து கோடும் அவர் கையால் எரிந்தது. மனசு மறுபடி நிமிர்ந்தது. ஒரு மெயில் வந்தால் ஜம்மென்று இருக்கும் என்று தோன்றியது.

"ஏம்மா, போன்லேர்ந்து எனக்கு ஒரு மெயில் அனுப்பேன். வருதான்னு பாப்போம்" என்று குரல் கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் கைக்கணினி 'டிங்' என்றது. வந்தேவிட்டது, அதன் வாழ்நாளின் முதல் மெயில். மேனேஜர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, பெருமிதத்தோடு அதைத் திறந்து படித்தார்.

'ராஜாவுக்கு வணக்கம். உங்க பின்னாடி பால் பொங்குது.'